பதினோராம் இலக்க விவசாயி

1

என் வயலை நான் கைவிட்டுவிட்டேன் என்ற செய்தியை அக்கா தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு ஒரு வயல் இருந்த செய்தியும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். நெதர்லாந்தில், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு நகரத்தில், ஓர் ஆய்வு நிலையத்தின் கன்ரீனில் வேலை செய்கிறேன். சூப் ஊற்றுவதும் ரொட்டி வெட்டுவதும் என் பொறுப்பு. தட்டுகளுடன் விஞ்ஞானிகள் வரிசையில் நின்றுகொண்டிருக்க, ஏப்ரனுக்குள் தொலைபேசி அதிர்ந்தது. அக்கா என் வேலை நேரத்தில் ஒருநாளும் எடுக்கமாட்டாள். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து, அகப்பையைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் குளிரறைக்குள் ஓடினேன்.

"தம்பி, நீ வயல விட்டுட்டுப் போயிட்டாயாமே?"

"எந்த வயலக்கா?"

"விளாவடி வட்டையில. என்ட வயல்."

கண்மணி அக்கா எனக்கு எட்டு வயது மூப்பு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறாள். விளாவடி வட்டை என்பது அங்கே ஒன்பது குடும்பங்களின் வயல்கள் ஒன்றாகக் கிடக்கும் பரப்பு. அன்று காலை அந்த ஒன்பது பேரையும் வேறு ஊர்க்காரர்களையும் குளம் திருத்தும் திட்டத்துக்காரர்கள் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. இன்னும் முப்பது வருடத்தில் எந்த நிலம் என்னவாக இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துக் கீறிய படம். வயலாக இருக்கப்போகும் இடம் பச்சை. ஆளில்லாமல் பற்றைக்காடாகப் போகும் இடம் மண்ணிறம். விளாவடி வட்டையும் சேர்த்துப் படுவான்கரை முழுவதும் மண்ணிறம்.

"மூண்டு வருசம் ஒரே தொடரா வறட்சி வந்தா விவசாயி போயிருவானாம். ஆருடா போவான் எண்டு கேட்டன். 'அம்மா, நாங்களாச் சொல்லல்ல, விளாவடி வட்டை விவசாயி ஒராள்தான் சொல்லியிரிக்கார்' எண்டு அந்த உத்தியோகத்தர் அறிக்கையப் பாத்து வாசிக்கார். வட்டையில நாங்க ஒம்பது பேர். ஒம்பது பேரும் அந்த மண்டபத்துக்குள்ளதான் நிக்கம். மறுகா அவரே சொன்னார், அந்த விவசாயி இப்ப ஒல்லாந்துல இரிக்காராம், சாப்பாட்டுக் கடையில வேலையாம். எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தானுகள்."

குளிரறையில் எனக்கு வியர்த்தது.

"அதுக்கென்னக்கா, படம்தானே?"

"படமா? குளம் திருத்துற காசு பச்சை இரிக்கிற வட்டைக்குத்தான் முதல்ல எண்டு சொல்றாங்க. எங்கட துருசு உடைஞ்சு ரெண்டு வருசம். கட்டுற தண்ணி முழுக்க ஓடிப்போகுது. ஆளில்லாமப் போற இடத்துக்கு என்னத்துக்குத் துருசு எண்டு கேக்காங்க. ஆட்சேபணை இரிந்தா வாற மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். வாயக் குடுத்தவன் நீ. நீயே போய் அதத் திருப்பி வாங்கிக்கொண்டு வா."

துருசு என்றால் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. இந்த அளவுக்கு எனக்கு விவசாயம் தெரியும். இதற்கு மேல் தெரியாது.

2

தெரியாது என்று நான் அடக்கத்துக்குச் சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். அப்பாவின் வயல் அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அந்தக் காணி உறுதிப் பத்திரத்தைத் தட்டெழுதியவனே நான். அப்போது மட்டக்களப்பு நகரத்தின் புளியந்தீவில், அரசாங்கக் கச்சேரிக்குப் பக்கத்தில், பத்திரம் முடிக்கும் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞனாக இருந்தேன். வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாரின் வயல் என்று எல்லைகளைப் பிழையில்லாமல் தட்டினேன். கட்டணம் வேண்டாம் என்று நொத்தாரிசு ஐயா சொன்னதில் அப்பாவுக்குப் பெருமை. என் பெயருக்கு ஓர் அங்குல நிலமும் இல்லை. அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை.

வயலில் நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. பதினாறு வயதில், விதைத்த வயலுக்கு அளவாகத் தண்ணீர் விட்டு வாய்க்காலை அடைத்துவிட்டு வரும்படி அப்பா அனுப்பினார். நான் வாய்க்காலைத் திறந்துவிட்டு, நிழலில் சாய்ந்து ஒரு துப்பறியும் கதையை வாசிக்கத் தொடங்கினேன். கொலைகாரன் அகப்படும் நேரத்தில் எங்கள் விதைநெல் முழுவதும் வரம்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்கு மிதந்து போய்விட்டது. அந்தப் போகம் பக்கத்து வயல்காரருக்கு இரட்டிப்பு அடர்த்தியில் முளைத்தது. அப்பா அடிக்கவில்லை. "நீ படி" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை.

இப்படிப்பட்ட நான்தான் விளாவடி வட்டையின் விவசாயி.

3

ஃபெம்கா என்ற பெண் அந்த ஆய்வு நிலையத்தில் வேலை செய்கிறாள். முப்பது வயது இருக்கும். நல்ல உயரம், மாமிசம் தொடமாட்டாள். ஒருநாள் சூப் வாங்கும்போது எந்த நாடு என்று கேட்டாள். இலங்கை என்றேன். இலங்கையில் எந்த இடம் என்றாள். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொழும்பிலிருந்து எட்டு மணித்தியாலம் என்றுதான் பதில் சொல்வேன். அன்று ஏனோ மட்டக்களப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. வறட்சி வரக்கூடிய பிரதேசங்களில் எதிர்காலத்தில் நிலம் எப்படிப் பயன்படும் என்று கணக்கிடுவதுதான் அவளுடைய வேலையாம். அவள் எடுத்த பிரதேசம் எங்கள் பிரதேசம். மட்டக்களப்பில் எந்த வருடம் எந்த மாதம் எவ்வளவு மழை பெய்தது என்று அவளுக்குத் தெரியும். நான் பிறந்த மாதத்தின் மழையைக்கூட மறுநாள் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தாள். ஊருக்கு மட்டும் ஒருநாளும் போனதில்லை.

பேட்டி தருவீர்களா என்று கேட்டாள். நானும் சம்மதித்தேன். நாலு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். "உங்கள் பெயர் எங்கும் வராது. இனி நீங்கள் பதினோராம் இலக்கம்" என்றாள். எனக்கு மரியாதையாக இருந்தது.

முதலில் ஆங்கிலத்தில், குடும்பத்தின் வயல் எங்கே இருந்தது என்று கேட்டாள். விளாவடி வட்டை என்று அவளுடைய கொப்பியில் எழுதியும் கொடுத்தேன். பிறகு டச்சுக்கு மாறினாள். வீடு திருத்துவதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நாட்டில் வீட்டைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். போதாததற்கு அந்த நாட்களில்தான் எங்கள் மாடி வீட்டின் குளியலறையை உடைத்துக் கட்டி முடித்து, சமையலறையில் கை வைத்திருந்தோம். வாய் நிறைய விஷயம் இருந்தது. முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் நிறுத்தாமல் எழுதினாள். இவ்வளவு அக்கறையாக என் குளியலறைக் கஷ்டத்தை என் மனைவியின் தம்பிகூடக் கேட்டதில்லை.

4

அக்கா பேசிய அன்று பின்னேரம் என் மகள் ஆரணியிடம் அந்த அறிக்கையைத் தேடித் தரச் சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். மிகவும் சந்தோஷமாக இருந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள். அன்று அறிக்கையின் கடைசியில் இருந்த என் பேட்டியை வாசிக்க வாசிக்க அவள் தமிழுக்கு வந்துகொண்டிருந்தாள்.

டச்சில் ஃபெர்பௌவன் என்று ஒரு சொல் இருக்கிறது. வீட்டை இடித்துத் திருத்திக் கட்டுவதற்கு அந்தச் சொல். குளியலறைக்காரர்களிடம் பேசிப் பேசியே அதைப் பழகியிருந்தேன். அதே சொல்லுக்குப் பயிர் செய்வது என்றும் அர்த்தம் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆரணி ஒவ்வொன்றாக வாசித்தாள்.

என்ன பயிர் செய்கிறீர்கள்? இந்த வருடம் சமையலறைக்கு மட்டும். வீட்டுத் தேவைக்கான பயிர்ச்செய்கை என்று ஃபெம்கா பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாள்.

எவ்வளவு காலம் எடுக்கும்? ஒழுங்காகச் செய்தால் மூன்றரை மாதம். உள்ளூர் நெல்லினத்துடன் பொருந்துகிறது என்று குறிப்பு.

யார் உதவி? மனைவியின் தம்பி, கூலிக்கு இரண்டு பேர், அவர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை.

தண்ணீர்ப் பிரச்சினை உண்டா? அதுதான் பெரிய பிரச்சினை. போன தடவை தண்ணீர் கீழே போய், கீழே இருப்பவர்கள் வழக்குப் போடுவதாக நின்றார்கள். நீர்ப்பங்கீட்டில் கீழ்ப்பகுதியாருடன் தகராறு என்று குறிப்பு. அதன் கீழே இரண்டு கோடு.

தண்ணீரால் இப்படித் தொடர்ந்து நட்டம் வந்தால் எத்தனை தடவை பொறுப்பீர்கள்? மூன்று. மூன்றாவது தடவையும் பிழைத்தால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விடுவேன்.

எங்கே? தண்ணீர்ப் பிரச்சினை இல்லாத எங்கேயாவது.

ஆரணி சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து தரைக்கு வந்துவிட்டாள். "அப்பா, நீங்க எங்கட பாத்ரூமை மாமியின்ட வயல்ல கட்டிட்டீங்க!"

என் மனைவி சுகந்தி மட்டக்களப்பில் கல்லடி ஊர்க்காரி. எதையும் நிதானமாகப் பார்ப்பவள். "சிரிக்காதடி," என்றாள். "அந்த மனுசிக்குத் துருசு இல்லாமப் போகப்போகுது. இவர் செய்த வேலையால."

5

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றாமலே ஃபெம்காவின் அறைக்குப் போனேன். சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முகம் காதுவரை சிவந்தது. நல்ல பிள்ளை. ஐந்தாறு தடவை மன்னிப்புக் கேட்டாள். பிறகு கணினியைத் திருப்பி வரைபடத்தைக் கணக்கிட்ட கணினி மாதிரியை எனக்கு ஓட்டிக் காட்டினாள்.

திரையில் எங்கள் பக்கம் தெரிந்தது. வாவி நீலம், வயல் பச்சை, அதில் சிறு சிறு புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு குடும்பம். வருடங்கள் ஓடின. ஒரு வறட்சி வருடம் வந்தது. புள்ளிகள் அசையவில்லை. இரண்டாவது வந்தது. அசையவில்லை. மூன்றாவது வந்ததும் படுவான்கரை முழுவதிலும் இருந்த புள்ளிகள் ஒரே நேரத்தில் எழும்பின. வரிசையாகப் படத்தின் ஓரத்துக்குப் போய் மறைந்தன.

"எங்கே போகிறார்கள்?" என்று கேட்டேன்.

"மாதிரிக்கு வெளியே. அதற்குப் பிறகு நாங்கள் அவர்களைப் பார்ப்பதில்லை."

"விசா?"

அவள் விழித்தாள். வெளியே வருவதற்கு எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது, நடுவில் ஒரு விமான நிலையத்தில் நாலு நாள் படுத்திருந்தேன் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளப் போனாள். வேண்டாம், கையை எடு என்றேன்.

என் ஒருவனுடைய பேச்சு எப்படி எல்லோருக்கும் சட்டமானது என்று கேட்டேன். ஊரில் பலரிடம் படிவம் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை வறட்சி வருடம் பொறுப்பீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் 'பாப்பம்' என்று எழுதியிருக்கிறார்கள். பாப்பம் என்பதை இலக்கமாக மாற்றக் கணினிக்குத் தெரியவில்லை. இலக்கம் சொன்ன ஒரே விவசாயி நான்தான்.

"அப்படியானால் என்னை வெளியே எடுத்துவிடுங்கள்."

"முடியாது. பதினோராம் இலக்கம் யாரென்று எங்களுக்குத் தெரியாது."

"நான்தான். நீங்கள்தானே எனக்கு முன்னால் இருந்து எழுதினீர்கள்?"

"எனக்குத் தெரியும். நிலையத்துக்குத் தெரியக்கூடாது."

இதற்கென்று ஒரு குழு இருந்தது. குழுவுக்கு ஒரு படிவம் இருந்தது. விலகும் காரணம் என்ற இடத்தில் 'குளியலறை' என்று எழுதி அனுப்பினேன். ஒரு கிழமையில் பதில் வந்தது. பங்குபற்றியவர் மட்டுமே விலகக் கோரலாம், தயவுசெய்து அவரைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். நான்தான் அவர் என்று எழுதினேன். இரண்டாவது பதில் கொஞ்சம் கடுமையாக இருந்தது. பதினோராம் இலக்கத்தவரின் அடையாளத்தை நான் வெளியிட்டிருப்பது அவருடைய உரிமையை மீறும் செயல் என்றும், அவர் முறையிட்டால் நடவடிக்கை எடுக்க நேரும் என்றும் எழுதியிருந்தார்கள். அவர் முறையிடமாட்டார் என்று எனக்கு ஓரளவு நம்பிக்கை இருந்தது.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா எடுக்கும்போதெல்லாம் "என்னடா, வாங்கிட்டாயா?" என்பாள். கடையில் கொடுத்த பொருளைத் திருப்பி வாங்கும் விஷயம்போல.

கடைசியில் ஃபெம்காவே ஒரு வழி சொன்னாள். என்னை எடுக்க முடியாது. ஆனால் உண்மையான ஒரு விவசாயியைச் சேர்க்கலாம். விளாவடி வட்டைக்கு மட்டும் அவருடைய பதிலைப் பாவிக்கலாம். அக்காவைக் காணொளியில் பேட்டி எடுப்போம், நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும். இங்கேயும் ஒரு விதி இருந்தது. ஏற்கெனவே பங்குபற்றியவர் மொழிபெயர்க்கக் கூடாது. அவள் சற்று யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "பதினோராம் இலக்கம் யாரென்று யாருக்கும் தெரியாதே. ஆகவே நீங்கள் மொழிபெயர்க்கலாம்."

6

பேட்டிக்கு ஆரணியும் வந்தாள். என்னுடைய டச்சை இனி நம்பமுடியாது என்று தாயும் மகளும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். இங்கே முற்பகல், அங்கே வெயில் சாயும் நேரம். அக்கா வயல் வரம்பில் நின்றாள். தொலைபேசியை யாரோ பிடித்திருந்தார்கள். படம் ஆடியது. பின்னால் வெடித்த மண்.

ஆரணி மாமியிடம் தமிழில் நலம் விசாரிக்க வேண்டும் என்று காலையிலிருந்தே பாடமாக்கியிருந்தாள். "மாமி, உங்கட வயிறு காய்ஞ்சு போச்சுதா?" என்றாள். வயல் என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறாள்.

"ஓம் புள்ள," என்றாள் அக்கா. "விடியத் தேத்தண்ணி குடிச்சதுதான்."

ஃபெம்கா தொடங்கினாள். ஒரு வருடம் மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள்?

"ஒரு வருசம் பொய்க்கிறது வழக்கம்தானே. விதைநெல்லப் பத்திரப்படுத்துவன்."

இரண்டாவது வருடமும் பொய்த்தால்?

"பள்ளத்துல மட்டும் விதைப்பன். மேட்டுல சோளன்."

மூன்றாவது?

"மாட்ட விடுவன். பால் இரிக்கே."

நாலாவது?

"கச்சான் போடுவன்."

அந்த மண் நிலக்கடலைக்குச் சரிவருமா என்று ஃபெம்கா கேட்டாள். அவளிடம் எங்கள் வட்டையின் மண் விபரமும் இருந்தது.

"வராது. ஆனா போடுவன்."

ஐந்தாவது?

"ஆத்துல றால் பிடிக்கப் போவம்." வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

ஃபெம்காவின் கை விசைப்பலகைக்கு மேல் நின்றது. அப்படியானால் ஐந்தாம் வருடத்தில் விவசாயத்தைக் கைவிட்டதாக எழுதலாமா என்று கேட்டாள். நான் கேட்டேன்.

"ஆருடா கைவிட்டது? றால் பிடிக்கப் போனா வயல விட்டதா? தோணியில நிண்டு பாத்தா வயல் தெரியுமே!"

ஆறாவது?

"மழ பெய்யும்."

பெய்யாவிட்டால்?

"பெய்யும்."

"பெய்யல்ல எண்டு வெச்சுக்கொள்ளுங்கக்கா, ஒரு கதைக்கு."

"என்னத்துக்கு வெச்சுக்கொள்ள? ஆறு வருசம் அடுத்தடுத்து எங்கயாவது பெய்யாம இரிந்திரிக்கா? அந்தப் புள்ளையிட்டத்தானே மழைக் கணக்கு இரிக்கு. பாத்துச் சொல்லச் சொல்லு."

ஃபெம்கா உண்மையிலேயே தேடிப் பார்த்தாள். சில நிமிடம் எடுத்தது. "எங்களிடம் உள்ள பதிவில் அப்படி இல்லை," என்றாள் மெதுவாக. ஆனாலும் விடவில்லை. எதிர்காலம் பழைய பதிவைப் போல இருக்காது, வறட்சி கூடும், ஆகவே ஓர் இலக்கம் வேண்டும் என்றாள். அது பிழையில்லை. அக்காவுக்கும் அது தெரியும். முன்பு ஐப்பசியில் இறங்கிய மழை இப்போது எப்போது இறங்குமென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்று அவளே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அக்கா முகத்தைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "தம்பி, அவ இரிக்கிற ஊர் கடலுக்குக் கீழ எண்டு நீதானே சொன்னாய். எத்தினதரம் வெள்ளம் வந்தா அவ ஊர விட்டுப் போவா எண்டு கேளு."

கேட்டேன். ஆரணி என் டச்சைத் திருத்தி மீண்டும் கேட்டாள்.

ஃபெம்கா கண்ணாடியைக் கழற்றினாள். "நாங்கள் போகமாட்டோம்," என்றாள். "அணையை உயர்த்துவோம்."

அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"அதத்தானே நாங்களும் கேக்கம்," என்றாள் அக்கா. "துருசக் கட்டித் தாங்க எண்டு."

ஃபெம்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஆனாலும் படிவத்தில் இலக்கம் போடும் பெட்டி நிரம்ப வேண்டும். "சரி, தொண்ணூத்தொம்பது எண்டு போடு," என்று சொல்லிவிட்டு அக்கா மாடு கட்டப் போய்விட்டாள்.

ஃபெம்கா தொண்ணூற்றொன்பது என்று போட்டு ஓட்டினாள். மூன்றாம் வறட்சியில் விளாவடி வட்டைப் புள்ளிகள் எழும்பி ஓரத்துக்கு நடந்தன. எங்களுக்குத் தலை சுற்றியது. தேடிப் பார்த்ததில், அந்தக் கணினியில் தொண்ணூற்றொன்பது என்றால் பதில் இல்லை என்று அர்த்தமாம். பதில் இல்லாதவர்களுக்கு அது பதினோராம் இலக்கத்தவரின் பதிலை எடுத்துக்கொள்ளும். தொண்ணூற்றெட்டு என்று மாற்றினோம். மூன்றாவது வறட்சி வந்தது, நாலாவது வந்தது. சுற்றிலும் எல்லோரும் புறப்பட்டுப் போனார்கள். அந்த ஒன்பது புள்ளிகளும் அப்படியே நின்றன.

ஆரணி திரையில் விரலை வைத்தாள். "இதில எது மாமி?" என்றாள். தமிழில்தான் கேட்டாள்.

அக்காவின் பதிலில் ஒரு வருடத்தைக் குறைத்ததை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.

7

ஆட்சேபணைக் காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு புதிய வரைபடம் ஊருக்குப் போனது. படுவான்கரை முழுவதும் மண்ணிறம், நடுவில் விளாவடி வட்டை மட்டும் பச்சை. துருசுக்கு இனித் தடையில்லை என்று நாங்கள் நினைத்தோம். அந்தப் படத்தைப் பார்த்த திட்டத்து எஞ்சினியருக்கு வேறொன்று தோன்றியிருக்கிறது. முப்பது வருட வறட்சியிலும் ஓர் இடம் பச்சையாக இருக்குமென்றால், அங்கே நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். குழாய்க் கிணறு அடிக்கலாம்.

அக்கா எடுத்துச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை. "நான் போகமாட்டன் எண்டு சொன்னதுக்கு, எனக்குக் கீழ தண்ணி இரிக்கு எண்டு நினைக்காங்கடா."

கிணறு அடிக்கும் இயந்திரம் பெரிய லொறியில் வந்தது. குளக்கட்டைத் தாண்டித்தான் வட்டைக்குப் போகலாம். துருசு உடைந்த இடத்தில் கட்டு இடிந்து கிடந்தது. லொறி ஏறாது. ஆகவே லொறிக்காக முதலில் கட்டை நிரப்பினார்கள். கட்டு தாங்க வேண்டும் என்பதற்காக உடைந்த துருசைக் கழற்றிவிட்டுப் புதிய கொங்கிறீட் துருசு வைத்தார்கள். கல் போட்டு, மண் போட்டு, உருளை விட்டு இறுக்கினார்கள். எல்லாம் பன்னிரண்டு நாள். பிறகு லொறி கம்பீரமாகக் கட்டின் மேல் ஏறி வட்டைக்குப் போய், அக்காவின் வயல் மூலையில் துளை போட்டது. உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் வந்தது. வாவி அவ்வளவு கிட்ட என்பது வரைபடத்தில் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் திரும்பிப் போனது. குளக்கட்டு இருக்கிறது. துருசும் இருக்கிறது.

மற்ற வட்டைகளில் என்னுடைய மூன்று இன்னும் சட்டமாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று பேர் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். "அண்ணன், தொண்ணூத்தெட்டு எண்டு சொன்னாக் காணுமா, வேற ஏதும் சொல்லணுமா?" என்று கேட்கிறார்கள். ஃபெம்காவிடம் பெயர் கொடுக்கிறேன். மதிய இடைவேளையில் அவளுக்குச் சூப் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கிறேன். நாலு வட்டை பச்சையாகிவிட்டது.

மழை இந்த முறை சுணங்கித்தான் இறங்கியது. ஆனாலும் இறங்கியது. குளம் தண்ணீர் பிடித்தது. அக்கா விதைத்தாள்.

போன ஞாயிறு பேசினோம். திட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை திரும்பவும் படிவத்துடன் வந்தாளாம்.

"உங்கட குடும்பத்துல ஆராவது வறட்சியால ஊர விட்டுப் போனதா எண்டு கேட்டா."

"என்னக்கா சொன்னீங்க?"

"ஒருத்தன் போனான், ஆனா வறட்சியால இல்ல எண்டன். அப்ப என்னத்தால எண்டு கேட்டா. எனக்கென்ன தெரியும்? நீ போன வருசம் நல்ல வெள்ளாமைடா. மூடை வைக்க இடமில்லாம சாமியறைக்குள்ளயும் அடுக்கினமே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. அந்த மூடைகளுக்கு மேலால் காலைத் தூக்கி வைத்துத்தான் என் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். நாட்டு நிலைமை என்று இங்கே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அதே நிலைமைக்குள் அக்கா இருந்தாள். ஒவ்வொரு போகமும் விதைத்தாள்.

"அந்தப் புள்ள அத எப்பிடி எழுதினா?" என்று கேட்டேன்.

"எழுதல்ல. நல்ல வெள்ளாமையில போனவனுக்கு அதுல பெட்டி இல்லயாம்."

தொலைபேசியை இரண்டு பேரும் வைக்கவில்லை.

"சரிடா, வைக்கிறன்," என்றாள் கடைசியில். "தண்ணி திறக்கிற நேரம்."